டெஸ்டை ஓடவிடாமல் தடுத்தாச்சு, பில்டை யார் தடுப்பது? (பேஸல் டார்கெட் ஃபில்டர்)

கோடைமழை · திங்கள், இரவு 9:12

வணக்கம். மூன்று நாளாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், யாராவது வழி சொல்லுங்கள்.

எங்கள் ரெப்போவில் சி++, பைத்தான் இரண்டும் கலந்து கிடக்கின்றன. பில்ட் முழுக்க பேஸல் என்ற பில்ட் கருவியில்தான். இன்டக்ரேஷன் டெஸ்ட் எல்லாவற்றுக்கும் பில்ட் ஃபைலில் "இன்டக்ரேஷன்" என்று டேக் போட்டிருக்கிறோம். அவற்றுக்கு டாக்கர் வேண்டும், டேட்டாபேஸ் வேண்டும், என் லேப்டாப்பில் அதெல்லாம் நடக்காது. அதனால் புஷ் செய்வதற்கு முன் இப்படி ஓட்டுகிறேன்:

பேஸல் டெஸ்ட் //... --டெஸ்ட்_டேக்_ஃபில்டர்ஸ்=-இன்டக்ரேஷன்

இன்டக்ரேஷன் டெஸ்ட் ஒன்றுகூட ஓடவில்லை. அது சரி. ஆனால் 25 நிமிடம் ஆகிறது! பார்த்தால், ஓடாத அந்த டெஸ்ட்களையும் உட்கார்ந்து பில்ட் செய்கிறது. அவை இழுத்துவரும் டாக்கர் இமேஜையும் சேர்த்து. ஓட்டாத டெஸ்டை எதற்குக் கட்ட வேண்டும்?

(குழு வழக்கப்படி கட்டளைகளைத் தமிழெழுத்தில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.)

வடகறி · திங்கள், இரவு 9:31

கிரேடில் என்ற பில்ட் கருவியில் "-எக்ஸ் டெஸ்ட்" என்று ஒரே வார்த்தை. டெஸ்ட் போச்சு, அதற்காக மட்டும் கம்பைல் ஆக வேண்டியதும் சேர்ந்து போச்சு. நீங்கள் ஏன் இவ்வளவு கஷ்டப்படுகிறீர்கள் என்று புரியவில்லை. சும்மா வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டுப் போகிறேன்.

டெர்மினல்தாத்தா · திங்கள், இரவு 10:05

கோடைமழை, நீங்கள் பந்தியில் யார் உட்காரக் கூடாது என்று சொல்லியிருக்கிறீர்கள். யாருக்குச் சமைக்க வேண்டாம் என்று சமையல்காரரிடம் சொல்லவே இல்லை. அவர் முழு ஊருக்கும் உலை வைத்துவிட்டார்.

டெஸ்ட் டேக் ஃபில்டர் எதை ஓட்டுவது என்பதை மட்டும்தான் தீர்மானிக்கும். நீங்கள் //... என்று, அதாவது ரெப்போவின் எல்லா டார்கெட்டும் (பில்ட் ஃபைலில் பெயர் கொடுத்த ஒவ்வொரு பைனரி, டெஸ்ட், இமேஜ்) என்று கேட்டதால் அதற்குள் அடங்கும் எல்லாவற்றையும் பேஸல் பில்ட் செய்யும், ஃபில்டரில் கழிந்த டெஸ்ட்கள் உட்பட. இது பிழை இல்லை. ஆவணத்திலேயே இப்படித்தான் போட்டிருக்கிறார்கள். "டெஸ்ட் ஓடாவிட்டாலும் நிரல் கம்பைல் ஆகிறதா என்றாவது தெரியட்டும்" என்ற எண்ணமாக இருக்கும் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். கூகுள் உள்ளே பிளேஸ் என்ற பெயரில் வைத்திருந்ததைத்தான் 2015இல் எழுத்தை மாற்றிப்போட்டு பேஸல் என்று வெளியே விட்டார்கள். பெரிய ரெப்போக்காரர்களின் பழக்கம் அதில் அப்படியே இருக்கிறது.

உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, --பில்ட்_டெஸ்ட்ஸ்_ஒன்லி. இதைச் சேர்த்தால் ஃபில்டரில் தப்பித்த டெஸ்ட்களுக்கு என்ன தேவையோ அதை மட்டும் கட்டும். இன்னொன்று, அதே ஃபில்டரைப் பில்டுக்கும் கொடுப்பது:

பேஸல் டெஸ்ட் //... --டெஸ்ட்_டேக்_ஃபில்டர்ஸ்=-இன்டக்ரேஷன் --பில்ட்_டேக்_ஃபில்டர்ஸ்=-இன்டக்ரேஷன்

இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கோடைமழை · செவ்வாய், காலை 10:20

தாத்தா, பந்தி உதாரணம் மண்டையில் ஏறிவிட்டது. நன்றி.

முதல் வழியில் 25 நிமிடம் 9 நிமிடமானது. சந்தோஷமாக புஷ் செய்தேன். சிஐயில் (புஷ் செய்ததும் தானாக பில்டும் டெஸ்டும் ஓட்டும் சர்வரில்) விழுந்தது. ஏனென்றால் நான் கைவைத்த ஒரு பைனரியை எந்த டெஸ்டும் சார்ந்திருக்கவில்லை. பில்ட்_டெஸ்ட்ஸ்_ஒன்லி அதைச் சீண்டவே இல்லை. கம்பைலே ஆகாத நிரலை நான் பச்சை விளக்கு பார்த்து அனுப்பியிருக்கிறேன்.

இரண்டாவது வழியில் 17 நிமிடம். பைனரி எல்லாம் கம்பைல் ஆகிறது, நல்லது. ஆனால் அந்த டாக்கர் இமேஜ் இன்னும் கட்டப்படுகிறது. டெஸ்டைத்தான் விலக்கிவிட்டேனே, இமேஜ் எங்கிருந்து வந்தது?

டெர்மினல்தாத்தா · செவ்வாய், காலை 10:48

இமேஜும் ஒரு டார்கெட்தானே அம்மா. டெஸ்ட் அதைக் கூப்பிடாவிட்டாலும் //... அதைக் கூப்பிடுகிறது. டேக் டெஸ்டின் மேல் மட்டும் இருக்கிறது, இமேஜின் மேல் இல்லை. டேக் தானாக வழிந்து கீழே போகாது. இமேஜ் டார்கெட்டுக்கும் அதே டேக்கைப் போடுங்கள், போய்விடும்.

கோடைமழை · செவ்வாய், காலை 11:15

போட்டேன். 8 நிமிடம்! பைனரிகளும் கம்பைல் ஆகின்றன.

அடுத்த தலைவலி: "பழையது" என்று ஒரு டைரக்டரி இருக்கிறது. லினக்ஸில் மட்டும் கம்பைல் ஆகும். எங்கள் டீமில் மேக் வைத்திருக்கும் இருவருக்கு //... கொடுத்தாலே அங்கே போய் முட்டிக்கொண்டு நிற்கிறது.

நாலாம்பிறை · செவ்வாய், மதியம் 1:02

அதைக் கழித்துவிடலாம்:

பேஸல் பில்ட் -- //... -//பழையது/...

நடுவில் தனியாக நிற்கும் இரண்டு கோடு முக்கியம். அது இல்லாவிட்டால் -//பழையது என்பதை ஏதோ ஆப்ஷன் என்று நினைத்துக்கொண்டு பேஸல் கத்தும். ஃபிளாக் எல்லாம் அந்தக் கோட்டுக்கு முன்னால் வந்துவிட வேண்டும், பிறகு வந்தால் அதையும் டார்கெட் பெயராகத்தான் எடுத்துக்கொள்ளும்.

வரிசையும் முக்கியம். இடமிருந்து வலமாகத்தான் கூட்டும், கழிக்கும். கழித்துவிட்டு அப்புறம் //... சேர்த்தால் கழித்ததெல்லாம் திரும்ப வந்துவிடும். நான் இதில் ஒரு மதியம் முழுக்க வீணாக்கியிருக்கிறேன்.

இன்னொன்று. கழித்தல் என்றால் "கட்டாதே" என்று அர்த்தம் இல்லை, "நான் இதைக் கேட்கவில்லை" என்றுதான் அர்த்தம். மிச்சமிருக்கும் ஏதாவது டார்கெட் பழையதைச் சார்ந்திருந்தால், அது கட்டப்படத்தான் செய்யும்.

வடகறி · செவ்வாய், மதியம் 1:20

அப்போ மேக்காரர்கள் தினமும் அந்தக் கழித்தல் மந்திரத்தை அடிக்க வேண்டுமா? பேசாமல் "மேனுவல்" டேக் போட்டுவிட்டால் முடிந்ததே. //... அதைத் தொடாது.

டெர்மினல்தாத்தா · செவ்வாய், மதியம் 2:37

வேண்டவே வேண்டாம். மேனுவல் போட்ட டார்கெட்டை //..., :ஆல் போன்ற மொத்தக் குறிகள் எடுக்காது, உண்மைதான். லினக்ஸிலும் எடுக்காது. சிஐயிலும் எடுக்காது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் வரும். யார் கூப்பிடுவார்கள்? ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்த்தால் கம்பைலே ஆகாது, எந்த கமிட்டில் உடைந்தது என்றும் தெரியாது. பரணில் போட்ட பாத்திரம் மாதிரி. மேனுவல் டேக்குக்கும் இடம் உண்டு. வேண்டுமென்றே தோற்க வைத்த டார்கெட், கையால் மட்டும் ஓட்ட வேண்டிய டார்கெட் போன்றவற்றுக்கு. "மேக்கில் ஓடாது" என்பதற்கு அது மருந்து இல்லை.

அதற்குச் சரியானது டார்கெட்_கம்பேட்டிபிள்_வித். பேஸல் 4.0இல், அதாவது 2021 ஜனவரியில் வந்தது. பில்ட் ஃபைலில் அந்த டார்கெட்டுக்குள் இந்த வரி:

டார்கெட்_கம்பேட்டிபிள்_வித் = ["@பிளாட்ஃபார்ம்ஸ்//ஓஎஸ்:லினக்ஸ்"],

அவ்வளவுதான். மேக்கில் //... கொடுத்தால் சத்தமில்லாமல் தாண்டிப் போகும், டெஸ்டாக இருந்தால் முடிவில் "ஸ்கிப்ட்" என்று காட்டும். லினக்ஸில் வழக்கம்போல் கட்டும். மேக்கில் இருந்துகொண்டு பெயர் சொல்லிக் கேட்டால் மட்டும் "இது இந்த பிளாட்ஃபார்முக்குப் பொருந்தாது" என்று பிழை காட்டி நிற்கும். அதுதான் எனக்குப் பிடித்தது. பொருந்தாததைச் சார்ந்திருக்கும் டார்கெட்டும் தானாகவே பொருந்தாததாகிவிடும், டேக் மாதிரி ஒவ்வொன்றாகப் போய் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஓரமாநிக்கிறேன் · செவ்வாய், மாலை 6:50

வழக்கமாகப் படித்துவிட்டுப் போய்விடுவேன். இதில் ஒரு அடி வாங்கியிருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

கோடைமழை, இந்த ஃபில்டரை எல்லாம் கடைசியில் .பேஸல்ஆர்சி ஃபைலில்தான் (ஒவ்வொரு தடவையும் பேஸல் தானாக எடுத்துக்கொள்ளும் ஆப்ஷன்களை எழுதிவைக்கும் ஃபைல்) போடப்போகிறீர்கள். கவனமாக இருங்கள். எங்கள் ஃபைலில் ஒருத்தர் இப்படி எழுதியிருந்தார்:

டெஸ்ட் --டெஸ்ட்_டேக்_ஃபில்டர்ஸ்=-டாக்கர்

கொஞ்ச நாள் கழித்து இன்னொருத்தர் அதே ஃபைலின் அடியில்:

டெஸ்ட் --டெஸ்ட்_டேக்_ஃபில்டர்ஸ்=-ஸ்லோ

இரண்டும் சேர்ந்து "டாக்கரும் வேண்டாம், ஸ்லோவும் வேண்டாம்" என்று ஆகும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஆகாது. இந்த ஃபிளாக் சேராது, கடைசியாக வந்தது முந்தையதை அழித்துவிடும். எச்சரிக்கைகூட வராது. டாக்கர் டெஸ்ட் எல்லாம் திரும்ப ஓட ஆரம்பித்து, சிஐ மெஷின் திணறிக்கொண்டிருந்தது. நெட்வொர்க்கைக் குறைசொல்லிக்கொண்டே இரண்டு வாரம் ஓட்டினோம்.

இரண்டும் வேண்டுமென்றால் ஒரே வரியில் காற்புள்ளி போட்டு எழுத வேண்டும்: -டாக்கர்,-ஸ்லோ.

கமாண்ட் லைனில் கொடுத்தாலும் இதே கதை. ஃபைலில் இருப்பதோடு கூடாது, அதை முழுசாக மாற்றும். தலைகீழாக இது வசதியும்கூட: --டெஸ்ட்_டேக்_ஃபில்டர்ஸ்= என்று வெறுமையாகக் கொடுத்தால் அந்த ஒரு தடவைக்கு ஃபில்டர் இல்லை.

நாலாம்பிறை · செவ்வாய், மாலை 7:14

அடடே, இதைப் படித்ததும் எங்கள் ஃபைலைத் திறந்து பார்த்தேன். மூன்று வரி இருக்கிறது. மூன்று!

புதுவரவு22 · செவ்வாய், இரவு 8:30

ஒரு சின்ன சந்தேகம். --டெஸ்ட்_ஃபில்டர் என்று ஒன்று இருக்கிறதே, அதில் டேக் பெயரைக் கொடுத்தேன். எல்லா டெஸ்டும் பில்ட் ஆகி, பாதி டெஸ்ட் "பாஸ்" என்று வந்துவிட்டது. ஆனால் உள்ளே எதுவும் ஓடிய மாதிரி தெரியவில்லை.

டெர்மினல்தாத்தா · செவ்வாய், இரவு 8:41

தம்பி, அது டார்கெட்டை வடிகட்டுவது இல்லை. ஒரு டெஸ்ட் டார்கெட்டுக்குள் இருக்கும் கேஸ்களைப் பொறுக்குவது. நீங்கள் கொடுத்த சொல்லை பேஸல் ஒரு என்விரான்மென்ட் வேரியபிளில் வைத்து டெஸ்ட் ரன்னரிடம் கொடுத்துவிட்டுப் போய்விடும், மிச்சம் ரன்னர் பாடு. அந்தப் பெயரில் கேஸே இல்லையென்றால் பல ரன்னர்கள் பூஜ்யம் டெஸ்ட் ஓட்டிவிட்டு "பாஸ்" என்று சொல்லிவிடும். ஒரே டார்கெட்டைப் பெயர் சொல்லிக் கொடுத்து, அதோடு இதைப் பயன்படுத்துங்கள்.

வடகறி · புதன், காலை 9:05

கிண்டல் செய்துகொண்டிருந்தவன் இப்போது நிஜமாகவே கேட்கிறேன், எங்கள் டீமும் பேஸலுக்கு மாறப்போகிறது என்று நேற்று சொல்லிவிட்டார்கள். (சிரிக்காதீர்கள்.)

டேக் ஃபில்டரில் "இன்டக்ரேஷன்,ஸ்லோ" என்று கொடுத்தால் இரண்டும் இருப்பவை வருமா, ஏதாவது ஒன்று இருந்தால் போதுமா?

நாலாம்பிறை · புதன், காலை 9:40

ஏதாவது ஒன்று இருந்தால் போதும். கழித்தல் குறி போட்டது ஒன்றுகூட இருக்கக் கூடாது. "இரண்டும் இருக்க வேண்டும்" என்று ஃபிளாக்கில் சொல்ல வழி கிடையாது. அதற்கு க்வெரிக்கு (டார்கெட்களைக் கட்டாமல் தேடிப் பட்டியலிடும் கட்டளை) போக வேண்டும்:

பேஸல் க்வெரி 'அட்டர்(டேக்ஸ், "இன்டக்ரேஷன்", //...) ^ அட்டர்(டேக்ஸ், "ஸ்லோ", //...)'

நடுவில் இருப்பது வெட்டு. கூட்டலுக்கு +, கழித்தலுக்கு -. பள்ளிக்கூடத்துக் கணக் கோட்பாடுதான்.

இதில் ஒரு பொறி. அட்டர் தேடுவது ரெகுலர் எக்ஸ்பிரஷனாக (எழுத்துகளின் அமைப்பை வைத்துத் தேடும் முறை). டேக் பட்டியல் முழுவதையும் "[அ, ஆ, இ]" என்று ஒரே சரமாக்கி அதில் தேடும். "ஸ்லோ" என்று தேடினால் "வெரிஸ்லோ" டேக்கும் மாட்டும், "ஸ்லோநெட்" டேக்கும் மாட்டும். முன்னால் திறந்த அடைப்போ இடைவெளியோ, பின்னால் காற்புள்ளியோ மூடிய அடைப்போ இருக்க வேண்டும் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்: "[\[ ]ஸ்லோ[,\]]". பார்க்க எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும், ஆனால் சரியாக வேலை செய்யும்.

வடகறி · புதன், காலை 10:15

வந்த பட்டியலை அப்படியே எக்ஸ்ஆர்க்ஸுக்கு (பட்டியலை இன்னொரு கட்டளைக்கு எடுத்துக் கொடுக்கும் கருவி) தள்ளி பேஸல் டெஸ்டுக்குக் கொடுத்துவிடலாமா?

ஓரமாநிக்கிறேன் · புதன், காலை 10:33

கொடுக்கலாம். இரண்டு இடத்தில் கால் வழுக்கும்.

ஒன்று, க்வெரியில் //... என்றால் மேனுவல் டேக் போட்டவையும் சேர்ந்து வரும். பில்ட், டெஸ்ட் கட்டளைகளில்தான் அவை ஒளிந்துகொள்ளும். க்வெரி பட்டியலை டெஸ்டுக்குக் கொடுக்கும்போது நீங்கள் அவற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும், எழுந்து வந்துவிடும். தாத்தா சொன்ன பரண் பாத்திரம் எல்லாம் தலையில் விழும். அதனால் க்வெரியிலேயே மேனுவலைக் கழித்துவிடுங்கள். பொருந்தாத டார்கெட் பிரச்சினையும் இப்படித்தான், பெயர் சொன்னால் தாண்டிப் போகாது, பிழையாக நிற்கும்.

இரண்டு, பட்டியல் நீளமாக இருந்தால் எக்ஸ்ஆர்க்ஸ் அதைத் துண்டு போட்டு பேஸலைப் பல தடவை ஓட்டும். பட்டியலை ஒரு ஃபைலில் எழுதி --டார்கெட்_பேட்டர்ன்_ஃபைல் என்று கொடுத்துவிடுங்கள். நிம்மதி.

கோடைமழை · புதன், மதியம் 12:10

இழை எங்கெங்கோ போய்விட்டது, நன்றாகத்தான் போகிறது. நானும் ஒன்று கேட்டுவிடுகிறேன். மாற்றிய ஃபைல்களைச் சார்ந்தவற்றை மட்டும் டெஸ்ட் செய்யலாம் என்று எங்கள் லீட் சொல்கிறார். கிட் டிஃபில் வரும் (மாறிய) ஃபைல்களை ஆர்டெப்ஸுக்கு (கொடுத்ததைச் சார்ந்திருக்கும் டார்கெட்களைத் தேடித் தருவது) கொடுத்து:

பேஸல் க்வெரி 'ஆர்டெப்ஸ்(//..., செட்(மாறிய ஃபைல்கள்))'

சிஐயிலும் இதையே வைக்கலாமா?

டெர்மினல்தாத்தா · புதன், மதியம் 1:30

லேப்டாப்பில் வைத்துக்கொள்ளுங்கள். சிஐயில் நான் வைக்க மாட்டேன்.

அழிக்கப்பட்ட ஃபைல் டிஃபில் இருக்கும், க்வெரிக்கு அப்படி ஒன்று தெரியாது, பிழை வரும். பில்ட் ஃபைலையே மாற்றியிருந்தால், அல்லது அது இழுக்கும் .பிஇஸட்எல் ஃபைலை (பில்ட் விதிகள், மேக்ரோக்கள் எழுதும் ஃபைல்) மாற்றியிருந்தால், இந்த எளிய ஆர்டெப்ஸ் அதைப் பிடிக்காது. வெளி லைப்ரரியின் பதிப்பை ஏற்றினால் நூற்றுக்கணக்கான டார்கெட் பாதிக்கப்படும், டிஃபில் ஒரே ஒரு லாக் ஃபைல்தான் தெரியும். செலக்ட் போட்ட இடத்தில் (பிளாட்ஃபார்ம் போன்றவற்றுக்கு ஏற்பக் கிளை பிரியும் இடம்) க்வெரி எல்லாக் கிளைகளையும் சேர்த்து எடுக்கும், அதனால் தேவையில்லாததும் வரும். கிளையைத் தீர்மானித்துச் சொல்ல சிக்வெரிதான் வேண்டும். இதற்கென்றே பேஸல்-டிஃப் என்று ஓப்பன் சோர்ஸ் கருவி இருக்கிறது, இரண்டு கமிட்டிலும் ஒவ்வொரு டார்கெட்டுக்கும் ஹாஷ் போட்டு ஒப்பிடும். கையால் எழுதுவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. உங்களிடம் ரிமோட் கேஷ் (கட்டிய முடிவுகளை எல்லாரும் பகிர்ந்துகொள்ளும் சேமிப்பு) இருக்கிறதா? மாறாத டார்கெட்டை பேஸல் எப்படியும் திரும்பக் கட்டாது, பாஸான டெஸ்டின் முடிவையும் கேஷிலிருந்து எடுத்துக் காட்டிவிடும். அந்த வேலையைத்தான் நீங்கள் ஷெல் ஸ்கிரிப்டில் திரும்ப எழுதப் பார்க்கிறீர்கள். ஓட முடியாததை விலக்க ஃபில்டரைப் பயன்படுத்துங்கள். வேகத்துக்குக் கேஷ்.

நாலாம்பிறை · புதன், மதியம் 2:05

இதில் தாத்தாவோடு எனக்கு முழு ஒப்புதல் இல்லை. கேஷ் இருந்தாலும் //... என்றால் எல்லா பில்ட் ஃபைலையும் படித்து, எல்லா டார்கெட்டையும் அனலைஸ் செய்தாக வேண்டும். எங்கள் ரெப்போவில் புது மெஷினில் அதற்கே 4 நிமிடம். பெரிய ரெப்போவில் குறுக்குவது தவிர வழியில்லை. கோடைமழை ரெப்போ அளவுக்குத் தாத்தா சொல்வது சரி.

டெர்மினல்தாத்தா · புதன், மதியம் 2:11

4 நிமிடம் என்றால் ஒத்துக்கொள்கிறேன்.

புதுவரவு22 · புதன், மாலை 5:45

சிஐயில் டெஸ்ட் எல்லாம் பாஸ், ஆனால் பைப்லைன் சிவப்பு. எக்ஸிட் கோட் (கட்டளை முடியும்போது தரும் எண்) 4 என்கிறது. டாக்குமென்ட் ஃபோல்டருக்கு மட்டும் பேஸல் டெஸ்ட் ஓட்டும் ஜாப் அது.

ஓரமாநிக்கிறேன் · புதன், மாலை 6:02

பாஸ் இல்லை தம்பி, டெஸ்டே இல்லை. பில்ட் சரி, ஆனால் டெஸ்ட் கேட்டாய், ஒன்றும் கிடைக்கவில்லை என்பதுதான் 4. டெஸ்ட் தோற்றால் 3, பில்ட் தோற்றால் 1. ஃபில்டர் எல்லாவற்றையும் கழித்துவிட்டாலும் 4தான் வரும். அந்த ஜாபில் மட்டும் 4ஐ மன்னித்துவிடலாம். மற்ற இடத்தில் மன்னித்தால் ஒரு நாள் ஃபில்டரில் எழுத்துப்பிழை விழுந்து, ஒரு டெஸ்டும் ஓடாமல் எல்லாம் பச்சையாக இருக்கும்.

கோடைமழை · வியாழன், இரவு 9:50

கடைசியாக எங்கள் .பேஸல்ஆர்சியில் வைத்தது:

பில்ட் --பில்ட்_டேக்_ஃபில்டர்ஸ்=-இன்டக்ரேஷன்
டெஸ்ட் --டெஸ்ட்_டேக்_ஃபில்டர்ஸ்=-இன்டக்ரேஷன்
பில்ட்:சிஐ --பில்ட்_டேக்_ஃபில்டர்ஸ்=
டெஸ்ட்:சிஐ --டெஸ்ட்_டேக்_ஃபில்டர்ஸ்=

சிஐயில் --கான்ஃபிக்=சிஐ கொடுத்தால் எல்லாம் ஓடும். பழையது டைரக்டரிக்கு லினக்ஸ் வரி போட்டாச்சு. மேக்காரர்களில் ஒருவருக்கு 8 நிமிடம் ஆனது.

இன்னொருவருக்கு 3 நிமிடம். அது எப்படி என்று குழம்பி, --அனௌன்ஸ்_ஆர்சி போட்டு ஓட்டச் சொன்னேன். எந்த ஃபைலிலிருந்து எந்த ஆப்ஷன் வருகிறது என்று அது அச்சிட்டுக் காட்டியது. அவருடைய ஹோம் டைரக்டரியில் தனியாக ஒரு .பேஸல்ஆர்சி, அதில் டெஸ்ட் ஃபில்டரில் "-இன்டக்ரேஷன்,-ஸ்லோ,-பைத்தான்". ஹோம் ஃபைல் ரெப்போ ஃபைலுக்குப் பிறகு படிக்கப்படுவதால் அதுதான் ஜெயிக்கிறது. மனிதர் பைத்தான் டெஸ்ட் ஒன்றைக்கூட எத்தனை மாதமாக ஓட்டவில்லையோ. கேட்டதற்கு, "அது வேகமாக இருந்தது" என்றார்.

கடைசிக் கேள்வி. தேடிப் பார்த்ததில் சில இடத்தில் "இன்டக்ரேஷன்", சில இடத்தில் "இன்டெக்", ஒரு இடத்தில் "இன்டக்ரேசன்" என்றெல்லாம் டேக் இருக்கிறது. 37 டார்கெட். கையால் மாற்ற வேண்டுமா?

நாலாம்பிறை · வியாழன், இரவு 10:08

பில்டோசர் இருக்கிறது, பேஸலின் பில்ட்டூல்ஸ் தொகுப்பில். 'ரீப்ளேஸ் டேக்ஸ் இன்டெக் இன்டக்ரேஷன்' என்று கொடுத்து டார்கெட்களைச் சொன்னால் பில்ட் ஃபைல்களை அதுவே திருத்தும். மாற்ற எதுவும் இல்லையென்றால் எக்ஸிட் கோட் 3 வரும், பயப்படாதீர்கள். ஸ்கிரிப்டில் போட்டால் மட்டும் அதற்கு ஏற்ற மாதிரி எழுதிக்கொள்ளுங்கள்.

கோடைமழை · வியாழன், இரவு 10:31

36 மாறியது. ஒன்று மேக்ரோவுக்குள் ஒளிந்திருந்தது, அதைக் கையால் மாற்றிவிட்டேன். நாளைக்கு மெர்ஜ்.